கரை யாருக்கு? கம்பம் பள்ளத்தாக்கின் ஓடைகளும் வேலிகளும் நாமும்



யாருடைய நினைவாக நாம் ஆண்டுதோறும் இங்கு கூடுகிறோமோ, அந்த ஆசிரியர் தண்ணீரைப் பற்றித் தனியாக எதுவும் எழுதியதில்லை. ஆனால் தன் தகப்பனாரைப் பற்றிப் பேச வந்தால் மடையிலிருந்துதான் தொடங்குவார். ஐப்பசி மழையில் அரிக்கேன் விளக்கோடு கரைக்காவலுக்குப் போனவர் அந்தத் தகப்பனார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் பாய வேண்டும், கரையில் எந்த இடம் முதலில் ஊறும், நண்டு எங்கே வளை போடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை. இதை ஆசிரியர் புலம்பலாகச் சொன்னதில்லை. கணக்கு வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அவர் விட்டுப்போன அந்த இடத்திலிருந்துதான் இன்றைய உரையை எடுத்துக்கொள்கிறோம்.

சென்ற தை மாதம் எங்களில் சிலரும் சில கல்லூரி மாணவர்களும் ஓர் ஓடையைப் பிடித்து நடந்தோம். மேகமலை அடிவாரத்தில் தொடங்கி முல்லையாற்றில் சேரும் சின்ன ஓடை அது. வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். மழை பிடித்தால் ஒரே இரவில் இரு கரையையும் தின்றுவிடும். பழைய நில வரைபடத்தில் அகலமாக இருக்கும் அந்த ஓடை, நேரில் பல இடங்களில் இரண்டு எட்டில் தாண்டும்படிதான் இருந்தது. ஒரு பக்கம் வாழை கரையின் விளிம்புவரை வந்திருந்தது, இன்னொரு பக்கம் தென்னை. இடையிடையே சீமைக்கருவேலம். பூச்சிமருந்து டப்பாக்கள், சொட்டுநீர்க் குழாயின் பழைய துண்டுகள். கீழே போகப்போகச் சுடுகாடு, அதை ஒட்டிச் சேரி.

சேரிக்குச் சற்று மேலே ஓரிடத்தில் மட்டும் காட்சி மாறியிருந்தது. கல்தூண் ஊன்றி முள்கம்பி இழுத்திருந்தார்கள். உள்ளே புங்கனும் நாவலும் நீர்மருதும் இடுப்புயரத்துக்கு வளர்ந்து நின்றன. நல்ல கன்றுகள், ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நாலைந்து ஆடுகளோடு நின்ற ஓர் அக்கா எங்களை அளவெடுப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டார். இல்லை என்று சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: “இந்த வேலி ஓடைக்குப் போட்டதா தம்பி, எங்களுக்குப் போட்டதா?”

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு பழைய ஏடுகளுக்குள் போய்த் தேடியதன் விளைவே இந்த உரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். ஓடைக்கரைக்குப் பாதுகாப்பு வேண்டும். சுற்றுச்சூழல் என்றாலே மேட்டுக்குடிப் பேச்சு என்று ஒதுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் கொஞ்சம் உண்டு; அதைக் கைவிடும் காலம் வந்துவிட்டது. கரையில் வேர் இல்லையென்றால் வெள்ளம் மண்ணை அறுக்கும். அறுத்த மண் கீழே கண்மாயிலும் அணையிலும் போய்ப் படியும். மாடும் ஆடும் கண்ட இடத்தில் இறங்கி ஏறினால் கரை சரியும், சாணமும் சிறுநீரும் நேராகத் தண்ணீரில் சேரும். கரையோரம் சில அடி அகலத்துக்குப் புல்லும் புதரும் விட்டுவைத்தால், வயலிலிருந்து வழியும் மண்ணையும் உரத்தையும் அதுவே பெருமளவு பிடித்து நிறுத்தும். மரநிழல் விழுந்தால் தண்ணீர் சூடேறாது, மீன் நிற்கும். தண்ணீர் தெரிந்த கிழவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இந்தப் பள்ளத்தாக்கில் கரையோரப் புல் இன்னொரு காரணத்துக்காகவும் நமக்கு முக்கியம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரெல்லாம் இனிப்பு வழங்கினார்கள், நல்லது. அந்தத் திராட்சைப் பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்கள், வேறு மருந்துகளும் அடிக்கிறார்கள். அடித்து முடித்துத் தெளிப்பானைக் கழுவ வாய்க்காலில் இறங்குபவர் யார்? அந்த வாய்க்காலின் கீழ்முனையில் துணி துவைப்பவர் யார்? ஓடை எங்கே கெட்டாலும் கடைசியில் அது வந்து சேருமிடம் பெரும்பாலும் சேரித் துறைதான். ஆகவே கரையைக் காப்பது கூலிகளின் உடலைக் காப்பதும் ஆகும். இதை மற்றவர் சொல்லி நாம் கேட்க வேண்டியதில்லை. நாம் முன்னே நின்று சொல்ல வேண்டியது இது.

வயல்வெளித் திணைக்கே ஆற்றங்கரை மரத்தின் பெயரைத்தான் நம் முன்னோர் வைத்தார்கள் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். நெல்லின் பெயரையோ கரும்பின் பெயரையோ வைக்காமல் மருதம் என்றார்கள். கரையில் மரம் நின்றால்தான் வயல் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வேலியும் நாட்டுமரமுமாக ஓடையைக் காக்கும் இந்த முறை இன்று உலகில் பெரிதாகப் பேசப்படுவது நியூசிலாந்தை வைத்து. அங்கே பால்மாட்டுப் பண்ணைகள் பெருகி ஓடைகள் கெட்டன. 2003இல் பால் நிறுவனமும் அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பண்ணைக்காரர்கள் ஓடையோரம் வேலி போட்டு மாடுகளை வெளியே நிறுத்தினார்கள், உள்ளே அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். பல இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே நிலம் வைத்திருப்பவரும் மாடு வைத்திருப்பவரும் வேலி போடுபவரும் ஒரே ஆள். தன் மாட்டைத் தானே கட்டுப்படுத்துகிறார். இங்கே வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே வேறொருவர். கரைவரை வாழை வைத்தவர் வேறு, நாலு ஆட்டை மேய்த்துக்கொண்டு நிற்பவர் வேறு. அந்த நாலு ஆட்டையும் அரசுதான் கொடுத்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டம் நிலமற்ற ஏழைப் பெண்களுக்கென்று வந்தது. ஆடு கொடுத்த அரசு மேய்ச்சலுக்கு இடம் காட்டவில்லை. நிலமற்றவரின் ஆடு எங்கே மேயும்? ரோட்டோரத்திலும் ஓடையோரத்திலும்தான். நியூசிலாந்திலும் இது முழுமையான கதை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஆறு யாருடையது என்று மாவோரி மக்கள் நூற்றாண்டுக்கு மேல் கேட்டு, 2017இல் வாங்கனூயி ஆற்றைச் சட்டப்படியான ஆளாகவே ஏற்கவைத்தார்கள். அங்கும் வேலியைவிட மூத்தது உரிமைக் கேள்விதான்.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்திலிருந்து வரி விதிக்க முடியாதவற்றைக் கழித்துக்கொண்டே போவார்கள். குடியிருப்பு நத்தம், கோயில், குளம், ஊடே செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. இவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. வரலாற்று மாணவர்கள் இதை வரிவிலக்கு பற்றிய செய்தியாகப் படிப்பார்கள். நாம் அதை நம் முகவரியாகப் படிக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாய்க்காலும் சேரியும் சுடுகாடும் ஒரே வகைக்குள் வைக்கப்பட்டுவிட்டன. அந்த வகை, விளையாத நிலம். வரி வராத இடமே நமக்கு இடமாக விடப்பட்டது.

இது சோழநாட்டுச் செய்திதானே, நம் பக்கம் என்ன என்று கேட்கலாம். சின்னமனூர்ச் செப்பேடுகள் நம் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற ஆவணங்கள். பாண்டியன் இராசசிம்மன் பிராமணருக்குக் கொடுத்த நிலக்கொடையைப் பெரிய செப்பேடு சொல்கிறது. அரசர்களின் வம்சாவளி அதில் விரிவாக இருக்கிறது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் கட்டியவரின் பேரை அதில் தேடிப் பயனில்லை. பாண்டியர் வரலாற்றுக்கு இந்தச் செப்பேடுகள் எவ்வளவு அரியவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. கொடையின் வரலாறும் உழைப்பின் வரலாறும் ஒரே செப்பேட்டில் எழுதப்படுவதில்லை என்பதே எங்கள் பேச்சு.

வெள்ளையர் வந்தபோது இந்த வரிசெலுத்தா நிலங்கள் ‘புறம்போக்கு’ என்ற தலைப்பில் கணக்கேறின. ஓடைப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, நத்தம், மேய்ச்சல் என்று இன்றும் கிராம ‘அ’ பதிவேட்டில் பார்க்கலாம். இந்தச் சொல் பிறகு வசையாகவும் ஆயிற்று. ஒருவனைப் புறம்போக்கு என்று திட்டும்போது, வரி கொடுக்காத நிலத்தில் வாழ்பவன் என்ற பழைய ஏளனமும் அந்த வசையோடு சேர்ந்து வருகிறது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ இந்தச் சொல்லைப் பொதுநிலத்தின் பெயராக மீட்டது. அதை நாம் வரவேற்றோம். ஆனால் பொதுநிலம் என்று சொல்லும்போது, அந்தப் பொதுவில் நாம் எப்போது சேர்க்கப்பட்டோம் என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கரையோடு நமக்கிருந்த உறவைச் சட்டமாகவே எழுதிவைத்தது 1858. சென்னை மாகாணத்துக்கான கட்டாய உழைப்புச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. வெள்ளத்தால் ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், ‘உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த’ உடல் வலுவுள்ள ஆண்களைக் கரைவேலைக்குக் கட்டாயமாக அழைக்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம் என்றது. கூலி தரவும் சொன்னது. வழக்கமாகச் செய்துவரும் குடிமராமத்து உழைப்பை வலியுறுத்திப் பெறவும் அதே சட்டம் வழி செய்தது. உடையப்போகும் கரையின் கீழே யாருடைய வயல் இருந்தது, கரையின்மேல் யாருடைய முதுகு இருந்தது என்பதைச் சட்டத்தின் மொழியே பிரித்துக் காட்டுகிறது. உழைக்கும் வகுப்பு என்று அவர்கள் எழுதியதை நம் ஊர் வழக்கில் எப்படி வாசித்திருப்பார்கள்? பறை அடித்து, ‘வீட்டுக்கு ஓர் ஆள்’ என்று சொன்ன குரல் எந்தத் தெருவில் கேட்டிருக்கும்? ஊரில் நீர்பாய்ச்சி, நீர்கட்டி, மடையர் என்று பல பெயர்களில் நம்மவர் பார்த்த வேலை, களத்தில் சில படி நெல்லோடு முடிந்தது. ‘மடையர்’ என்பதும் இன்று முட்டாளைத் திட்டும் சொல். மடை திறந்தவனின் பேரும் நிலமற்றவனின் இடமும் தமிழில் வசையாகிவிட்டன. இதை மொழியியல் தற்செயல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் பொற்காலமாக எழுதுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டத்தை மீண்டும் தொடங்கியது. ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மூலம் தூர்வாரும் வேலைகள் நடந்தன. தூர்வாரியதில் குறை இல்லை. ஆயக்கட்டுதாரர் என்றால் யார்? பாசன நிலம் உடையவர். 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகளின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்களிப்பவரும் நில உடைமையாளரே. பழைய குடிமராமத்தில் நம் தோளுக்காவது இடமிருந்தது. புதியதில் பொக்லைன் வந்த பிறகு அதுவும் இல்லை. உழைப்பும் போய், குரலும் கிடைக்காமல், கரையைப் பற்றிய முடிவுகளிலிருந்து நாம் முழுதாக வெளியேற்றப்பட்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கதையின் நடுவே பென்னி குவிக் வருகிறார். 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் அணை திறப்பு, மேற்கே ஓடிய பெரியாறு மலையைத் துளைத்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. இதனால் இந்தப் பள்ளத்தாக்கிலும் மதுரை, மேலூர்ப் பக்கமும் வாழ்வு மாறியது. இன்று உத்தமபாளையம், போடி, தேனி வட்டங்களில் 14,707 ஏக்கர் இருபோகம் பாய்கிறது. லோயர்கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தைப்பொங்கல் அன்று அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியுணர்ச்சியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நம் தெருக்களிலும் அவர் படம் இருக்கிறது. காட்டில் காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் செத்துப்போன கூலிகளின் கல்லறைகள் அணைப்பக்கத்தில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாதவர்கள். பொறியாளர் மெக்கன்ஸி 1899இல் அணையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதில் பொறியாளர்களுக்குப் பெயர் இருக்கிறது, கூலிகளுக்குத் தொகை இருக்கிறது. எந்தச் சேரியிலிருந்து யார் போனார்கள் என்று இன்று வாய்மொழியாகத்தான் தேட வேண்டும். தேடும் கிழவர்களும் குறைந்துவருகிறார்கள். சமூகவியல், வரலாறு படிக்கும் மாணவர்கள் இதை ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

புது நீர் வந்தது, இரண்டாம் போகம் வந்தது. நிலத்தின் விலை ஏறியபோது ஓடையோரத்துக்கும் விலை வந்தது. நன்செய்க்கு அடுத்த புறம்போக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பு தள்ளிச் சேர்த்துக்கொள்வது எளிது. கணக்குப்பிள்ளை சொந்தக்காரராக இருந்தால் இன்னும் எளிது. ஓடை ஒடுங்கியது. அதன் மறுகரையில் நாம் குடிசை போட்டோம், போட வேறு இடமில்லாததால். இரண்டுமே ஆக்கிரமிப்புதான் என்று சட்டம் சொல்லும். ஒன்று நிலத்தைப் பெருக்கிக்கொள்ளச் செய்தது, இன்னொன்று தலைசாய்க்கச் செய்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்கும் கண் சட்டத்துக்கு இருந்ததில்லை.

அந்தச் சட்டம் 1905இல் வந்தது. நில ஆக்கிரமிப்புச் சட்டம். சாலைகளும் ஆறுகளும் ஓடைகளும் வாய்க்கால்களும் ஏரிகளும், தனியாருடையவை என்று நிரூபிக்கப்படாதவரை, அரசின் சொத்து என்றது. அத்துமீறி வைத்திருப்பவருக்குத் தீர்வையும் தண்டமும் விதிக்கலாம், அறிவிப்பு கொடுத்து வெளியேற்றலாம் என்றது. நாம் ‘பி மெமோ’ என்று சொல்லும் காகிதம் இதன் வழியே பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், பல சேரி வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் ஒரே நில ஆவணம் அந்த பி மெமோதான். நீ ஆக்கிரமிப்பாளன் என்று அரசு எழுதிக்கொடுத்த காகிதத்தை, இத்தனை ஆண்டாக இங்கேதான் இருக்கிறோம் என்பதற்குச் சான்றாக நாம் வைத்திருக்கிறோம்.

இதற்கு முன்பே 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில், ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்க அரசு முடிவெடுத்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். அது எங்கே போயிற்று என்று கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம் பறிபோனதற்கும் ஓடைக்கரையில் குடிசை முளைத்ததற்கும் தொடர்பு உண்டு. மேட்டில் கிடைக்க வேண்டியது கிடைக்காதவர்தான் பள்ளத்தில் இறங்குகிறார். ஓடைப் புறம்போக்கு வழக்குகளில் இந்தத் தொடர்பு பேசப்படுவதே இல்லை.

தண்ணீரைத் தொடும் உரிமைக்காக 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாருக்கும் திறந்தவை என்று அரசு ஆணையிட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத்தில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளினார். இவை நம் பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டவை. அம்பேத்கரின் இன்னொரு பணியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டதில் அவர் பங்கு பெரிது. 1945இல் மத்திய நீர்வழி, பாசன, போக்குவரத்து ஆணையம் அவர் காலத்தில்தான் உருவானது. குளத்தில் கை நனைக்கும் உரிமையிலிருந்து ஓர் ஆற்றுப் படுகையை முழுதாகத் திட்டமிடுவதுவரை ஒரே மனிதர் போனார். நாம் முதல் படியில் நின்றுவிட்டோம். தொடும் உரிமைக்குப் போராடினோம், தீர்மானிக்கும் உரிமையைக் கேட்கவில்லை.

அதன் விளைவைச் சென்னையில் பார்த்தோம். அடையாற்றின் கழிமுகத்தில் 58 ஏக்கரில் நாட்டு மரங்களும் அலையாத்தியும் நட்டு, சுற்றி வேலி போட்டு, தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. சூழல் மீட்பில் அது நல்ல வேலை, பறவைகள் திரும்பின. அதே அடையாறு, கூவம் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் அதுபோன்ற இடங்களுக்கும் கொண்டுபோகப்பட்டன. பெரும்பகுதி நம் மக்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பின்னால் நின்றுவிட்டன. ஆற்றைச் சுருக்கிய பெரிய கட்டடங்கள் பலவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆற்றைக் காக்க மரமும் மனிதரும் ஒரே கரையில் இருக்க முடியாது என்ற முடிவு எங்கே, யாரால் எடுக்கப்பட்டது?

நம் மலையடிவாரத்திலும் இந்தக் கேள்வி நெருங்கிவிட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் காடு காக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மலைமாடு மேய்ப்பவர்கள் கீழே இறங்குகிறார்கள். காட்டில் மூடிய வாசல், சமவெளியில் ஓடைக்கரையில் போய்ச் சேரும். கரையிலும் வேலி என்றால் அந்த மாடும் ஆடும் அந்தரத்திலா மேயும்?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலியைப் பிடுங்கச் சொல்ல வேண்டும் என்றார் ஒரு தோழர். ஆடு விட்டால் ஒரு கன்றும் தப்பாது, பிறகு அடுத்த வெள்ளத்தில் நம் வீடுதான் போகும் என்றார் இன்னொருவர். அவர் வீடு ஓடைக்கரையில் இருக்கிறது. அவர் சொன்னதே சரி என்று பிறகு பட்டது. வேலி இருக்கட்டும். அது எதனால் ஆனது, எங்கே போகிறது, உள்ளிருக்கும் மரம் யாருடையது என்பதுதான் நாம் பேச வேண்டிய சங்கதி.

எதனால் ஆனது என்பது எளிது. முள்கம்பிக்குக் காசு வேண்டும், காசு வந்தால் ஒப்பந்தக்காரர் வருவார். நம் ஊரில் உயிர்வேலி உண்டு. கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினால் வேலி. நொச்சியும் அப்படியே. ஆடாதொடையின் பெயரிலேயே ஆடு தொடாது என்பது இருக்கிறது. கரையின் மேல்வரியில் ஆடாதொடையும் நொச்சியும், நடுவில் புங்கனும் நாவலும் இலுப்பையும் பனையும், தண்ணீரை ஒட்டி நீர்மருதும் தாழையும் நாணலும். ஐப்பசி மழைக்கு முன் போத்து வெட்டி நட்டால் மறு ஐப்பசிக்கு அடர்ந்துவிடும். இடையிடையே கல் பாவிய இறக்கம் வைத்து, கால்நடை தண்ணீர் குடிக்கத் துறை விட வேண்டும். கண்ட இடத்தில் இறங்காமல் துறையில் மட்டும் இறங்கினால் கரை நிற்கும். சீமைக்கருவேலத்தை வெட்டுவதாக இருந்தால், அதை விறகாக நம்பியிருக்கும் அடுப்புகளைக் கணக்கில் எடுத்து, வெட்டும் உரிமையையும் விறகையும் அந்தத் தெருவுக்கே கொடுக்க வேண்டும். இவையெல்லாம் அரசின் ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் செய்யக்கூடியவை. குழி வெட்டி மூடும் வேலையைவிட இதில் அர்த்தம் உண்டு.

எங்கே போகிறது என்பது கடினம். வேலி போடுமுன் அளவு வேண்டும். அந்த அளவு இரு கரையிலும் நடக்க வேண்டும், மேலிருந்து தொடங்க வேண்டும். இன்றுவரை நாம் பார்த்த அளவைகள் சேரியில் தொடங்கிச் சேரியில் முடிந்தன. வாழைத் தோட்டத்துக்குள் சங்கிலி போனதில்லை. பழைய வரைபடத்தின்படி ஓடையின் அகலத்தைப் பட்டாதாரர் பக்கத்தில் முதலில் மீட்டுவிட்டால், பல ஊர்களில் சேரியை அசைக்காமலேயே தண்ணீருக்கு வழி கிடைக்கும் என்பது நாங்கள் நடந்து கண்டது. உண்மையிலேயே வெள்ளம் கொண்டுபோகும் இடத்தில் இருக்கும் வீடுகளுக்கு அதே ஊரில், மேட்டில், பட்டாவோடு மனை. அந்த மனை கையில் வந்த பிறகே இடம் மாறுவது. 1989இல் போடியில் என்ன நடந்தது என்பதை இந்த அரங்குக்குச் சொல்லத் தேவையில்லை. சேரிக்காரர் தென்னந்தோப்புக்குள் அளவுக்கல் கேட்டால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தனி வீட்டின் மனுவாக எழுதாமல் அமைப்பின் கோரிக்கையாக வைக்கச் சொல்கிறோம்.

மரம் யாருடையது என்பதற்கு வருவாய்த்துறையிலேயே ஒரு பழைய வழி தூங்குகிறது. கிராமக் கணக்கில் 2சி என்று ஒன்று உண்டு. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமைக்கு மரவரி கட்டிப் பெறும் பட்டா அது. நிலம் அரசுடையது, மரத்தின் காயும் கனியும் பட்டாதாரருடையது. புளிக்கும் பனைக்கும் அந்தக் காலத்தில் செல்வாக்குள்ளவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓடைக்கரையில் புதிதாக நடும் மரங்களுக்கு அந்த ஊர்ச் சேரிப் பெண்களின் குழுவுக்கு 2சி பட்டா கொடுத்தால் என்ன? புங்கங்கொட்டையும் இலுப்பையும் எண்ணெய்க்குப் போகும், நாவல் சந்தைக்குப் போகும், நொச்சியும் ஆடாதொடையும் மருந்துக்கடைக்குப் போகும். மரத்தில் பலன் இருக்கிறவர் மரத்தை வெட்டமாட்டார், வெட்ட விடவுமாட்டார். காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை. கரைக்காவல் பார்த்தவரின் பேத்தி, முதன்முறையாகத் தன் பெயரெழுதிய காகிதத்தோடு கரையில் நிற்பார். இதையும் நிலத்துக்கு மாற்றாக நாங்கள் சொல்லவில்லை. பஞ்சமி நிலக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் ஓடையின் ‘அ’ பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 2சி கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். யார் பெயரில் எத்தனை மரம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஓடையை நடந்து பாருங்கள். கிழவர்களிடம் அகலம் எவ்வளவு இருந்தது, எந்த மரம் எங்கே நின்றது என்று கேட்டு எழுதுங்கள்.

பங்குனியில் மறுபடி அந்த ஓடைக்குப் போனோம். முள்கம்பி அப்படியே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கீழ்க்கம்பியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், ஆடு நுழையும் அளவுக்கு. உள்ளே மூன்று நாவல் கன்றுகள் மொட்டையாகி நின்றன. அந்த அக்காவிடம் 2சி பட்டா பற்றிச் சொன்னோம். நம்பவில்லை. ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டார், தெருவில் இன்னும் பதினாறு பெண்களையும் போட வைத்தார். மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஆடாதொடைப் போத்து எங்கே கிடைக்கும் என்று கேட்டார், ஐப்பசிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறோம்.